யாருடைய வாடிக்கையாளர்?

மூத்த மென்பொறியாளர் தேவை என்று ஒரு விளம்பரம் வந்தால், மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர் மனம் முதலில் சைபர்ஜெயாவுக்குப் போகும். இல்லையென்றால் பங்சார் சவுத்துக்கு. அதே விளம்பரம் பூச்சோங்கிலிருந்தும் வரலாம். அதைக் கொடுப்பது தரை ஓடோ, மின்விளக்கோ, குளிர்சாதன உதிரிப்பாகமோ மொத்தமாக விற்கும் நிறுவனமாக இருக்கும். கீழே சரக்கு, மாடியில் அலுவலகம், வாசலில் லாரி. விற்பனைப் பிரிவும் சந்தைப்படுத்தும் பிரிவும் தமக்குள் பயன்படுத்தும் கருவிகளை எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். எழுதியதை வெளியே விற்கப்போவதில்லை. உள்ளேயே முப்பது நாற்பது பேர் தினமும் திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஆள் குறைவு என்பதால் வேலை சுலபம் என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். விண்ணப்பிக்கிற பொறியாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். லட்சம் பேர் பயன்படுத்தும் செயலியை எழுதியவருக்கு முப்பது பேர் ஒரு கணக்கா? ஆனால் லட்சம் பேரில் பத்தாயிரம் பேருக்குப் பிடிக்காமல் போனால் அவர்கள் சத்தமில்லாமல் விலகிப் போவார்கள். முப்பது பேரில் மூன்று பேருக்குப் பிடிக்காவிட்டால், அந்த மூன்று பேரும் காலைக் கூட்டத்தில் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் நிறுவனத்தின் பெரும்பங்கு வியாபாரத்தைக் கொண்டுவருபவராகவும் இருப்பார். அவரை முதலாளியே அதட்டத் தயங்குவார்.

ரப்பர்த் தோட்டமும் ஈயச் சுரங்கமுமாக இருந்த பூச்சோங் வணிக ஊரானது ஒரு தலைமுறைக்குள் நடந்தது. டாமன்சாரா–பூச்சோங் நெடுஞ்சாலை 1999இல் திறந்தது. எல்ஆர்டி ரயில் 2016இல் எட்டியது. காசல்ஃபீல்ட் என்ற தோட்டத்தின் பெயர் இப்போது ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயரில் தங்கியிருக்கிறது. இப்படி வேகமாக வளர்ந்த ஊரில் நிறுவனங்களும் வேகமாகத்தான் வளர்ந்தன. அண்ணன் தம்பி இருவராகத் தொடங்கிய கடைக்கு ஐந்து கிளை வந்துவிடும். கணக்கு மட்டும் ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் அக்கவுண்ட் போன்ற உள்ளூர் மென்பொருளில் ஒழுங்காக இருக்கும். மற்றதெல்லாம் எக்செல் கோப்பிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஓடும். யாருக்கு என்ன விலை, யார் எப்போது பணம் தருவார், எந்த ஒப்பந்ததாரர் அடுத்த மாதம் புதுக் கட்டடம் தொடங்குகிறார் என்பதெல்லாம் சேல்ஸ்மேனின் சொந்தக் கைப்பேசியில் இருக்கும்.

விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ரியாக்ட் தெரிய வேண்டும், போஸ்ட்கிரெஸ் தெரிய வேண்டும், ஏடபிள்யூஎஸ் அனுபவம், குறைந்தது எட்டாண்டு என்று இருக்கும். சமையலுக்கு ஆள் தேடுகிறவர் அடுப்பின் பெயரை மட்டும் பட்டியலிடுவது மாதிரி. உண்மையில் அந்த ஆளிடம் ஒப்படைக்கப்படுவது ஒரு பழைய வழக்கு: வாடிக்கையாளர் யாருக்குச் சொந்தம், நிறுவனத்துக்கா சேல்ஸ்மேனுக்கா?

முதலாளியின் பயத்துக்குக் காரணம் உண்டு. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஒருவர் சட்டபூர்வமான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவில் செல்லாது என்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவிலிருந்து வந்தது இது. வேலையை விட்டுப் போகும் சேல்ஸ்மேன் மறுநாளே எதிர்க் கடையில் சேரலாம்; இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன் என்று அவரிடம் வாங்கிய கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்பது அரிது. வாடிக்கையாளர் பட்டியல் ரகசியத் தகவல் என்று வாதாடலாம். ஆனால் அந்தப் பட்டியல் நிறுவனத்தின் பதிவில் எங்குமே இல்லாமல் அவர் கைப்பேசியில் மட்டும் இருந்தால், எதைத் திருடினார் என்று காட்டுவது? கையெழுத்தால் பிடிக்க முடியாததை மென்பொருளால் பிடித்துவிடலாம் என்று முதலாளி கணக்குப் போடுகிறார்.

சேல்ஸ்மேனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் வீட்டுத் தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போனவர் அவர். ராவாங்குக்கும் செமினிக்கும் சொந்தக் காரில் ஓடியவர் அவர். நிலுவைப் பணத்துக்கு ஆறு முறை நடந்தவரும் அவரே. "எல்லாத்தையும் அதுல போட்டுட்டா, அப்புறம் நான் எதுக்கு போஸ்?" என்று அவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. "லைன் ஸ்லோ", "மறந்துட்டேன்", "நாளைக்கு போட்டுறேன்" என்பார். மாதக் கடைசியில் ஒரே இரவில் உட்கார்ந்து இருபது சந்திப்புகளை இட்டுக்கட்டி நிரப்புவார். முதலாளியின் திரையில் பச்சையும் சிவப்புமாக அழகான வரைபடம் வரும். அதில் உண்மை இருக்காது.

உள்பயன்பாட்டு மென்பொருள் பெரும்பாலும் சாவது இப்படித்தான். பிழையால் சாவது குறைவு.

இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டிய நிறுவனம் ஒன்று உண்டு. அது மென்பொருள் நிறுவனமல்ல, தேநீர்க் கடை. லண்டனில் ஜே. லயன்ஸ் என்ற நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட தேநீர்க் கடைகளையும் அவற்றுக்கு ரொட்டியும் கேக்கும் செய்து அனுப்பும் பெரிய அடுமனைகளையும் நடத்திவந்தது. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் லாபம் சில்லறைதான். அதைக் கணக்கெழுதும் செலவு விழுங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. 1947இல் அதன் அதிகாரிகள் தாம்சனும் ஸ்டேண்டிங்ஃபோர்டும் அமெரிக்காவுக்குப் போய் அலுவலக முறைகளைப் பார்த்தார்கள். அங்கே கணினி பற்றிக் கேள்விப்பட்டார்கள். அப்படி ஒன்றைத் தங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருப்பதும் அமெரிக்காவில்தான் தெரியவந்தது. லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்குப் பணமும் ஓர் ஆளும் கொடுத்து உதவியது. பிறகு தனக்கென்று ஒரு கணினியைத் தானே கட்டத் துணிந்தது. அதற்குத் தலைமைப் பொறியாளர் வேண்டுமே? 'நேச்சர்' அறிவியல் இதழில் விளம்பரம் கொடுத்தார்கள். அதைப் பார்த்து வந்தவர் ஜான் பிங்கர்டன். 1949 தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தார். தேநீர்க் கடைக்காரருக்கு மூத்த பொறியாளர். பூச்சோங் ஓட்டுக்கடையின் விளம்பரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

லியோ என்று பெயரிட்ட அந்த இயந்திரம் 1951 நவம்பரில் அடுமனைகளின் வாராந்தர மதிப்பீட்டுக் கணக்கைப் போட்டது. வணிக அலுவலகத்தின் அன்றாட வேலையை ஒரு கணினி செய்தது உலகில் அதுவே முதல் முறை என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதைவிடச் சுவையானது 1954இல் தொடங்கிய இன்னொரு வேலை: தேநீர்க் கடைகளின் தினசரி ஆர்டர்.

அதுவரை ஒவ்வொரு கடையின் மேலாளரும் (பெரும்பாலும் பெண்கள்) எந்தப் பண்டம் எத்தனை வேண்டும் என்று படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். நாளெல்லாம் நின்று வேலை செய்த பிறகு படிவம். லயன்ஸின் டேவிட் காமினரும் அவர் குழுவினரும் அதைக் கவனித்தார்கள். ஒரு கடையின் திங்கட்கிழமை ஆர்டர் முந்தைய திங்கட்கிழமை ஆர்டரைப் போலத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு கடைக்கும் ஒரு வழக்கமான ஆர்டரை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலாளர் மாற்றத்தை மட்டும் தொலைபேசியில் சொன்னால் போதும். மறுமுனையில் இருக்கும் பெண் அதைக் கேட்டபடியே அட்டையில் துளையிடுவார். நிறுவனத்துக்கு ஒவ்வொரு கடையின் போக்கும் உடனுக்குடன் தெரிந்தது. தகவலைக் கொடுத்தவருக்குப் படிவம் நிரப்பும் வேலை ஒழிந்தது.

காமினர் கணினி படித்து வந்தவரல்ல. லயன்ஸில் அலுவலக முறைகளை ஆராய்வதற்கென்றே கணினிக்கு முன்பிருந்து இயங்கிய ஒரு பிரிவை நடத்தியவர். யார் எதை எழுதுகிறார், ஏன் எழுதுகிறார், எழுதியதை யார் படிக்கிறார் என்று பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த கண் அது. இயந்திரத்தை எழுப்ப பிங்கர்டன் வேண்டும், அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று தெரிய காமினர் வேண்டும். இன்று பூச்சோங்கில் விளம்பரம் கொடுப்பவர் இந்த இரண்டு பேரையும் ஒரே சம்பளத்தில் ஒரே ஆளாகக் கேட்கிறார். தவறில்லை, சிறிய இடத்தில் அப்படித்தான் முடியும். ஆனால் நேர்காணலில் பிங்கர்டனை மட்டும் சோதித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்.

தமிழர் வணிகத்திலும் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. கோலாலம்பூரின் லெபோ அம்பாங்கிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் கடை வைத்திருந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முதலாளிகள் பலர் செட்டிநாட்டில் இருந்தார்கள். கடையை நடத்தியவர் ஏஜெண்ட். மூன்றாண்டுத் தவணை. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். ப. சிங்காரத்தின் நாவல்களைப் படித்தவர்களுக்கு இந்த அடுக்கு பழக்கமானது. கடன் வாங்குபவரின் முகத்தைப் பார்த்திராத முதலாளிக்குக் கணக்குதான் கண். பேரேடும் ஐந்தொகையும் எல்லாக் கடைகளிலும் ஒரே மாதிரி எழுதப்பட்டதால், கடல் கடந்து வரும் தாளைப் பார்த்தே கடையின் நாடியை அவரால் பிடிக்க முடிந்தது. தவணை முடிந்து ஏஜெண்ட் மாறினாலும் கடை மாறவில்லை.

ஏஜெண்ட் ஏன் ஒழுங்காக எழுதினார்? சாதிக் கட்டுப்பாடும் உறவு வட்டமும் ஒரு காரணம். பொய்க்கணக்கு எழுதியவருக்கு அடுத்த வேலை கிடைக்காது. அது மட்டுமில்லை. சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் அவருக்கு உண்டு. அந்தப் பங்கைச் சொல்வது அதே பேரேடுதான். பெட்டியடியாக வந்த பையனே ஒருநாள் சொந்தக் கடை வைக்கக்கூடியவன். எழுதுபவனுக்கு எழுத்தில் லாபம் இருந்தது. இன்றைய சேல்ஸ்மேனிடம் எல்லாவற்றையும் எழுதச் சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஆக, அந்த மூத்த பொறியாளரிடம் எதிர்பார்க்க வேண்டியது ஒரு பேரம் பேசும் புத்தி. சேல்ஸ்மேனிடமிருந்து ஒரு தகவலைக் கேட்டால், பதிலுக்கு அவருடைய வேலையில் எதைக் குறைக்கிறோம்? கோட்டேஷன் போடுவதை எடுத்துக்கொள்ளலாம். செத்தியா ஆலாமில் நிற்கும் சேல்ஸ்மேன் விலை கேட்டு அலுவலகத்துக்கு அழைக்கிறார், சேல்ஸ் அட்மின் எக்செலைத் திறக்கிறார், கடன் வரம்பைக் கேட்கக் கணக்குப் பிரிவுக்குப் போகிறார். வாடிக்கையாளர் காத்திருக்கிறார். இதையே கைப்பேசியில் இரண்டு நிமிடத்தில் முடித்து, கமிஷன் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதையும் அதே திரையில் காட்டினால், வாடிக்கையாளர் பெயரும் விலையும் தேதியும் யாரும் வற்புறுத்தாமலே பதிவாகிவிடும். சந்திப்பு அறிக்கை என்று தனியே ஒரு படிவம் தேவைப்படாது.

எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் இருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியல், பின்தொடர்தல், மின்னஞ்சல் அனுப்புதல் எல்லாம் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிச் சென்னையில் வளர்ந்த சோஹோ, 2005இல் தன் சிஆர்எம் என்ற வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளை வெளியிட்டது. சிறு நிறுவனங்களும் வாங்கக்கூடிய மாதச் சந்தாவில் அது கிடைக்கிறது. இதையே திரும்ப எழுத பூச்சோங்கில் ஒரு ஆளுக்குச் சம்பளமும், அதற்கு மேல் 12 சதவீத ஊழியர் சேமநிதியும் கட்டுவது வீண். நல்ல பொறியாளர் முதல் மாதத்திலேயே அதைச் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்பவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் தைரியம் முதலாளிக்கு வேண்டும். ஆயத்த மென்பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லெட் நிறுவனம் 1999இல் மூன்று பெரிய ஆயத்த மென்பொருள்களை அவசரமாக ஒன்றாக இறக்கியது. கிடங்கில் சாக்லெட் இருந்தும் ஹாலோவீன் பருவத்தில் ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் தவித்தது.

சொந்தமாக எழுத வேண்டியது எதுவென்றால், அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரிய முறை. ஒரே ஓட்டுக்கு டீலருக்கு ஒரு விலை, ஒப்பந்ததாரருக்கு ஒரு விலை, பழகிய ஒப்பந்ததாரருக்கு இன்னொன்று. லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கு ஏற்றுகூலி தனி. பெயர்களும் அப்படித்தான். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் போட்ட படிவம் இங்கே ஒருவருக்கும் பொருந்தாது. சீனருக்குக் குடும்பப் பெயர் முன்னால். மலாய்க்காரருக்கு 'பின்', 'பிந்தி'. தமிழருக்கு 'ஏ/எல்', 'ஏ/பி'. அந்தச் சாய்கோட்டை ஏற்காமல் துப்பிவிடும் மென்பொருள்களை மலேசியத் தமிழர் நன்கு அறிவார்கள். வெளிநாட்டு வார்ப்புருவை அப்படியே இறக்கிவிட்டுப் பிறகு 'இதெல்லாம் விதிவிலக்கு' என்று சொல்லும் பொறியாளருக்கு, இந்த ஊரில் அந்த விதிவிலக்குதான் மொத்த வாடிக்கையாளர் பட்டியல் என்று யாராவது சொல்ல வேண்டும்.

அரசாங்கமும் இந்த வேலைக்கு ஒரு அவசரத்தைக் கொடுத்தது. மின்-விலைப்பட்டியல் திட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டுக்கு மேற்பட்ட நிறுவனங்களோடு தொடங்கியது. 2025 ஜனவரியில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவை, ஜூலையில் 50 லட்சத்துக்கு மேற்பட்டவை என்று கீழே இறங்கியது. ஒவ்வொரு விலைப்பட்டியலும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் அமைப்புக்குப் போய் ஒப்புதல் பெற வேண்டும். தவறு இருந்தால் ரத்து செய்ய 72 மணி நேரம். வாங்குபவரின் வரி எண்ணும் பதிவு எண்ணும் சரியாக வேண்டும். அதுவரை சேல்ஸ்மேன் கைப்பேசியில் "அஹ் செங் காஜாங்" என்று மட்டும் இருந்தவருக்கு முதன்முறையாக முழுப் பெயர் தேவைப்பட்டது. பல ஆண்டுக் கெஞ்சலில் கிடைக்காத தகவல் ஒரு சட்டத்தால் கிடைத்தது. முதலாளிகள் பலர் இதைச் சுமை என்றுதான் பார்த்தார்கள்.

சந்தைப்படுத்தும் பிரிவின் கதை வேறு. அங்கே தகவல் பஞ்சமில்லை, மிதமிஞ்சித்தான் இருக்கும். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி என்று வருடத்துக்கு மூன்று முறை எல்லா எண்களுக்கும் வாட்ஸ்அப்பில் சலுகை விளம்பரம் பறக்கும். 2013 நவம்பரில் அமலுக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நேரடி விளம்பரம் அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கேட்கும் உரிமையை வாடிக்கையாளருக்குத் தந்திருக்கிறது. 2025 ஜூன் முதல் தரவு கசிந்தால் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் வந்திருக்கிறது. 'அனுப்பாதே' பட்டியல் ஒன்றை எல்லாக் கிளைக்கும் பொதுவாக வைப்பது தொழில்நுட்பத்தில் சின்ன வேலை. அதை மதிக்க வைப்பது பெரிய வேலை.

இப்படிப்பட்ட ஆள் பூச்சோங்குக்கு ஏன் வருவார்? தெற்கே சைபர்ஜெயா, வடக்கே பெட்டாலிங் ஜெயா. இரண்டு இடத்திலும் கூடப் பேச சக பொறியாளர்கள் உண்டு. சிங்கப்பூர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தால் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சம்பளத்தில் மட்டும் மோதினால் ஓட்டுக்கடை தோற்றுவிடும். அது கொடுக்கக்கூடியது வேறு: எழுதியதை மறுநாளே ஒருவர் கையில் பார்க்கலாம், முதலாளியின் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும், ஒரு முடிவுக்கு ஏழு கூட்டம் தேவையில்லை. பெரிய நிறுவனத்தில் பத்து வருடம் ஒரு பொத்தானின் மூலையைச் செதுக்கிக்கொண்டிருந்தவருக்கு இது சின்ன விஷயமில்லை. குழந்தையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு, நெடுஞ்சாலை நெரிசலில் சிக்காமல் வேலைக்கு வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நேர்காணலில் வெள்ளைப் பலகையில் புதிர்க்கணக்குப் போடச் சொல்வதைவிட, ஒருநாள் சம்பளம் கொடுத்து ஒரு சேல்ஸ்மேனோடு காரில் அனுப்பிவைக்கலாம். மாலையில் திரும்பி வந்ததும் என்ன எழுதலாம் என்று கேட்க வேண்டாம், எதை எழுதக் கூடாது என்று கேட்கலாம். அந்தப் பதிலில் ஆள் தெரிந்துவிடும். சோஹோ 2005 வாக்கிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்தவர்களை எடுத்துத் தானே பயிற்றுவித்துப் பொறியாளர்களாக்கி வருகிறது. 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பட்டத்தைப் பார்த்து மட்டும் ஆள் எடுக்காமலே விற்பனை மென்பொருள் எழுத முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் தனியாளாக உட்காரப்போகிற இடத்துக்குப் பயிற்சியாளரை எடுக்க முடியாது. திருத்த ஆளில்லாத இடம் அது.

அந்தத் தனிமையில்தான் அடுத்த சிக்கல் இருக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணியின் பகுதியாக எழுதிய நிரல் முதலாளிக்குச் சொந்தம். காகிதத்தில் அது நல்ல பாதுகாப்பு. மூன்று வருடம் கழித்து விலை ஏன் அந்த இடத்தில் இரண்டு முறை கணக்கிடப்படுகிறது, இரவு இரண்டு மணிக்கு ஓடும் அந்த நிரல் நின்றால் எதைத் தொட வேண்டும் என்பது எழுதிய பொறியாளருக்கு மட்டும்தான் தெரியும். சேல்ஸ்மேனின் கைப்பேசியிலிருந்து நிறுவனத்துக்கு மாற்றிய அறிவு இப்போது இன்னொருவர் தலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அவருக்கும் ஒப்பந்தச் சட்டத்தின் அந்த 28ஆவது பிரிவு பொருந்தும். முன்னறிவிப்புக் காலம் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையென்றால், வேலைச் சட்டப்படி இரண்டாண்டுக்குள் போகிறவர் 4 வாரம் கொடுத்தால் போதும்.

ஆகவே அவரைச் சேர்க்கும்போதே ஒரு இளையவரையும் பக்கத்தில் உட்கார வைப்பது, ஏன் எழுதினோம் என்பதை எழுதிவைக்க நேரம் ஒதுக்குவது, கடவுச்சொற்களை நிறுவனத்தின் பெயரில் வைப்பது என்று சில காரியங்கள் இருக்கின்றன. இணைய முகவரியும் கிளவுட் கணக்கும் யாருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பல நிறுவனங்கள் அதைப் பார்ப்பது ராஜினாமாக் கடிதம் வந்த பிறகுதான்.